அந்த வெள்ளைத் தூசி

துணி துவைப்பதில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். 35 வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

என் கணவருக்குக் கப்பலில் பிட்டர் வேலை. 1966-ல், இருபது வயதில், தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்குப் போய் ஒரு சரக்குக் கப்பலில் சேர்ந்தார். அந்தக் காலத்து நீராவிக் கப்பல் அது. பாய்லரிலிருந்து போகும் குழாய்களைச் சும்மா விட்டால் சூடு வீணாகும். கை பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் அவற்றின் மேல் ஆஸ்பெஸ்டாஸைச் சாந்து போல் குழைத்துப் பூசி, துணி சுற்றி வைத்திருப்பார்கள். கல்நார் என்கிறோமே, அதுதான். குழாய் ஒழுகினால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்த பிறகுதான் பழுது பார்க்க முடியும்.

"மைதா மூட்டையைப் பிரிச்ச மாதிரி பறக்கும். மூக்குல துணி கட்டினா அந்தச் சூட்டுல மூச்சு முட்டும், கழட்டிப் போட்டுருவோம்" என்று சிரித்துக் கொண்டே சொல்வார்.

எங்களுக்கு 1972-ல் கல்யாணம். 1974-ல் மகள் பிறந்ததும், "கொஞ்ச நாள் கரையிலேயே இருங்களேன்" என்று கெஞ்சினேன். சென்னைத் துறைமுகத்தின் அருகே ஒரு கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். ராயபுரத்தில் குடியிருந்தோம். அந்த மூன்று வருஷமும், சாயங்காலம் வேலைத் துணியோடுதான் வீட்டுக்கு வருவார். குழந்தை ஓடிப் போய்க் காலைக் கட்டிக் கொள்ளும். "அப்பா பவுடர் போட்டிருக்கு!" என்று மழலையில் சொல்லும். நான் அந்தத் துணியை முற்றத்தில் நாலு உதறு உதறி, பிறகு சோப்புத் தண்ணீரில் ஊற வைப்பேன். முகமெல்லாம் தூசி படியும். முந்தானையால் துடைத்துக் கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

1977-ல் மறுபடியும் கப்பலுக்குப் போனார். 2000-ல் ஓய்வு பெற்றார்.

2009-ல் மாடிப்படி ஏறும்போது இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூடவே வறட்டு இருமல். காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை; இருந்தும் கொடுத்தார்கள். குணம் தெரியவில்லை. விரல் நுனிகள் உருண்டு வீங்கிப் போயின.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனோம், வயதானவர். முதுகின் அடிப்புறத்தில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். "முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. இவர் தமது சி.டி.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினார். எந்தக் கப்பல், எந்தத் தேதியில் ஏறினார், இறங்கினார் எல்லாம் அதில் இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு ஸ்கேன் எடுத்தோம். வந்திருந்தது ஆஸ்பெஸ்டோஸிஸ்.

கல்நாரின் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. மூச்சோடு போய் நுரையீரலின் அடியாழத்தில் தைத்துக் கொள்கின்றன. உடம்பால் அவற்றைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டி, பஞ்சு போல் விரிய வேண்டிய நுரையீரல் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி விறைத்துப் போகிறது. சிலருக்கு நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயோ வருகிறது. தூசி போய் 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட இவை தலைகாட்டும். அதோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. இவர் சிகரெட்டை விட்டது அன்றுதான்.

எழுந்திருக்கப் போன எங்களை டாக்டர் உட்காரச் சொன்னார். "ஐயாவோட துணியெல்லாம் யாரும்மா துவைச்சது?"

"நான்தான், டாக்டர்."

1965-லேயே லண்டன் டாக்டர்கள் மீசோதீலியோமா நோயாளிகளை விசாரித்தபோது, கணவரின் வேலைத் துணியைத் துவைத்ததைத் தவிர கல்நாரோடு வேறு சம்பந்தமே இல்லாத பெண்களும் அதில் இருந்தார்களாம். எனக்கும் படம் எடுத்தார்கள். நுரையீரல் உறையில் ஆங்காங்கே தடிப்பு. "இது புற்றுநோய் இல்லைம்மா. தூசி உள்ளே போயிருக்குன்னு அடையாளம். அப்பப்போ வந்து காட்டுங்க" என்றார். மகளின் படத்தில் ஒன்றும் இல்லை. அன்று எத்தனை தெய்வங்களுக்கு நன்றி சொன்னேனோ!

அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. "எனக்கு வந்ததுக்கு நான் சம்பளம் வாங்கினேன். உனக்கு என்ன கூலி கொடுத்தேன்?" என்றார்.

"தெரிஞ்சா செஞ்சீங்க? சாப்பிடுங்க" என்றேன்.

எங்களுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் யாருக்குமே தெரியாது என்பது உண்மையல்ல. 1964-லேயே அமெரிக்காவில் டாக்டர் செலிகாஃப், குழாய்களுக்குக் கல்நார் பூசும் தொழிலாளர்களை ஆராய்ந்து எச்சரித்திருக்கிறார். பத்து வருஷம் கழித்தும் எங்கள் பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1995-ல் நமது சுப்ரீம் கோர்ட், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 வருஷம் காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவர் வேலை பார்த்த பட்டறையோ என்றோ மூடிவிட்டது. யாரிடம் போய்ப் பதிவேடு கேட்பது?

கடைசி இரண்டு வருஷம் வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக் கொண்டிருந்தோம். 2014-ல் இவர் காலமானார்.

2011-லிருந்து கப்பல்களில் புதிதாகக் கல்நார் பொருத்த உலகமெங்கும் முழுத் தடை. ஆனால் பழைய கப்பல்களில் இருப்பது இருக்கிறது. குஜராத்தின் அலங் கடற்கரையில் அவற்றை உடைப்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதானே?

சகோதரிகளே, கப்பல், பாய்லர், பழைய கட்டட இடிப்பு என்று உங்கள் வீட்டு ஆண்கள் வேலை பார்த்தால், அங்கேயே குளித்து உடை மாற்றி வரச் சொல்லுங்கள். தூசி படிந்த துணியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், உதறவும் வேண்டாம். வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை அறுப்பதோ, துளைப்பதோ, உடைப்பதோ கூடாது. உடைந்து கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு எடுக்க வேண்டும்.

வயதானவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால், அவர் வாலிபத்தில் பார்த்த வேலையை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இவருடைய சி.டி.சி. புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நான் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதையும் எடுத்துக் கொண்டுதான் போகிறேன்.