மேட்டுப்பாளையத்துக்கு மேலே கொதிக்கும் வண்டிகள்

மே மாதக் குன்னூர் மலைப்பாதை. கல்லாறு தாண்டினால் ஏற்றம். பர்லியார் வருவதற்குள் ஓரமாக பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும் கார்களைப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் சமவெளி வண்டிகள். ஐந்து பேர், மேலே கேரியரில் பெட்டிகள், உள்ளே ஏசி முழு வேகத்தில்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் 1,800-க்கு மேல். இந்த உயரத்தைச் சுமார் 35 கிலோமீட்டருக்குள் ஏறியாக வேண்டும். எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகும். மீதியை ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே பஸ்ஸுக்குப் பின்னால் செகண்ட் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறோம். காற்று எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தன் சூட்டையும் அதன் மேல் ஊதுகிறது.

*

ஊட்டியில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை. 92, 93 போதும். பல கார்களில் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே 82 முதல் 90 டிகிரிக்குள். ஆக, இன்ஜின் எந்தக் கோளாறும் இல்லாமல் தன் வழக்கமான சூட்டில் ஓடினாலே மலைமேல் தண்ணீர் கொதிக்க வேண்டும். கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை தாங்கும், மலையில் கொஞ்சம் குறைவாக. சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

இவ்வளவு வேலை செய்யும் பொருளை, தண்ணீர் சிந்தாமல் இருக்க வைத்த மூடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு பல வருஷம் ஓட்டுகிறார்கள். சமவெளியில் அது காட்டிக்கொடுக்காது.

*

விசில் அடங்காமல் குக்கரைத் திறக்காதே என்று வீட்டில் சொல்பவர்தான், மலையோரத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுகிறார். அழுத்தம் போன நொடியே 100 டிகிரிக்கு மேல் இருந்த நீர் ஆவியாகப் பொங்கி அடிக்கும். துண்டு கையை மட்டும்தான் காப்பாற்றும். குனிந்து பார்க்கும் முகம்? அரை மணி நேரமாவது விட வேண்டும். மேல் ஹோஸை அமுக்கினால் விறைப்பாக இருக்கிறதா, அப்போதும் திறக்கக்கூடாது.

*

டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளை நம்புவதைப் பற்றி.

பல கார்களில் முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுபவர் பதறக்கூடாது என்று, 80-லிருந்து 100 வரை எதுவானாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். அது நடுவைவிட்டு நகர்ந்தால், விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கிறது என்று பொருள். இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் மொத்தமும் போய்விட்டால், சென்சாரைச் சுற்றி ஆவியும் காற்றும்தான். முள் கீழே இறங்கலாம். சிவப்பில் இருந்தது தானாக இறங்கியதும் “அப்பாடா, ஆறிடுச்சு” என்று மறுபடி மிதிப்பார்கள். உள்ளே அலுமினியம் வெந்துகொண்டிருக்கும்.

*

அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பல இன்ஜின்களில் இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட், நடுவில் கேஸ்கட், எல்லாம் போல்ட் போட்டு இறுக்கியது. அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் விரிய இடமில்லாமல் வளைகிறது. எவ்வளவு வளைந்தால் தப்பு? பல இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டீல் ஸ்கேலை நேராக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும்.

கேஸ்கட் போனபின் ஒன்று இன்னொன்றை இழுத்துவருகிறது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்து அதை வெளியே தள்ளும். கூலன்ட் குறையக் குறையச் சூடு ஏறும். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை. ஆயிலில் கலந்தால் அது வெளிறிய பழுப்பு நுரையாகி, பேரிங்கைக் காக்கும் வழவழப்பு போய்விடும். கடைசியில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பட்டறை மொழியில் சீஸ்.

செலவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மலைப்பாதையில் எனக்குப் பெரிய பயம் வேறு. ஓடும்போதே இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரண்டு முறை மிதிக்கத்தான் வரும். அது கொண்டை ஊசி வளைவில் நடந்தால், பின்னால் பஸ் வந்தால்?

*

மேட்டுப்பாளையம் பட்டறை ஒன்றில் காதில் விழுந்தது.

“முள்ளு ஏறுனதப் பாத்தீங்களாங்க?”

“பாத்தேன். குன்னூர் பக்கந்தானேன்னு ஓட்டிட்டேன்.”

“மொதல்லயே நிறுத்தியிருந்தா ஹோஸோட போயிருக்குமுங்க. இப்ப ஹெட்டக் கழட்டோணும்.”

வண்டிக்காரர் பதில் பேசவில்லை. ஹோஸ் சில நூறு ரூபாய்ப் பொருள். இந்த வியாதியில் பெரிய சேதம் எல்லாமே ஓட்டுபவருக்குத் தெரிந்தபிறகுதான் நடக்கிறது. அதனால்தான் எழுதிவைக்கத் தோன்றுகிறது. டயர் வெடிப்பது சொல்லிக்கொண்டு வராது, இது வரும்.

*

முள் நகர ஆரம்பித்தால்: ஏசியை அணை. கண்ணாடிகளை இறக்கி ஹீட்டரை முழுதாகத் திருப்பு. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை உள்ளே கொண்டுவந்து கொட்டும். வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. (நம் ஊரில் தன் காரில் ஹீட்டர் இருப்பதே தெரியாதவர்கள் நிறைய.) அப்படியும் இறங்கவில்லையா, அகலமான ஓரம் பார்த்து நிறுத்து. ஆவி வராமல், முள் சிவப்பைத் தொடாமல் இருந்தால் நியூட்ரலில் சில நிமிஷம் ஓடவிடலாம், ஃபேனும் வாட்டர் பம்ப்பும் வேலை செய்யும். ஆவி வந்தாலோ சிவப்பைத் தொட்டாலோ உடனே அணைத்துவிட வேண்டும். இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது. சூட்டில் விரிந்த உலோகம் விரிசல் விடும்.

*

நீலகிரி மலை ரயில் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது 1899-இல். வழியிலுள்ள ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று நீராவி இன்ஜின் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது. அதற்குத் தண்ணீர் ஆவியாக வேண்டும், காருக்கு ஆகக்கூடாது. தேவை நேர் எதிர். ஆனால் நின்று போவது அதன் அட்டவணையிலேயே இருக்கிறது.

*

பட்டறைக் கைவைத்தியங்கள். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்கள் வழக்கம். ஊர் போய்ச் சேர உதவலாம், பிறகு அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். போர் தண்ணி ஊற்றினால் உப்பு படிந்து அதே கதி. ஃபேனை “டைரக்ட்” கொடுப்பது: சாவி திருப்பியதும் எப்போதும் சுற்றும், ரிலேயோ சென்சாரோ கெட்டது மறைந்துவிடும். எனக்கு ஒப்பாதது, “நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார்” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. இன்ஜின் சூடாகத் தாமதமாகும், மைலேஜ் குறையும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். குளிர்விக்கச் செய்தது சூட்டைக் கூட்டும்.

*

கூலன்ட்டைத் தரையில் கொட்டிவிட்டு வரக்கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும்.

*

வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. பாலிசியில் எழுதியே இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் இன்ஜின் பாதுகாப்பும் பெரும்பாலும் வெள்ளத் தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் ஒழுகியதற்கும்தான்.

இப்படிக் கொதித்த வண்டி கைக்கு வந்துவிடாமலிருக்க, செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது போவது நல்லது. விற்பவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஆயில் மூடியைக் கழற்றி அடியில் பழுப்பு நுரை இருக்கிறதா பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, தள்ளி நின்று, கூலன்ட்டில் குமிழி தொடர்ந்து வருகிறதா கவனிக்க வேண்டும். முதல் சில குமிழிகள் வெறும் காற்றாக இருக்கலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.