துறவாடை உடுத்தாத சிஸ்டர்

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் அரிச்சுவடி கற்பிக்கும் கன்னியரைச் 'சிஸ்டர்' என்றழைத்து வளர்ந்தோர் நாம். துறவாடை உடுத்தாமலே அப்பெயரைப் பெற்றவர் ஒருவர் உண்டு: சிஸ்டர் சுப்பலட்சுமி.

1886இல் பிறந்து, பதினொரு வயதில் கைம்பெண்ணானவர் அவர். கத்தோலிக்கக் கன்னியரிடம் பயின்றபோது, அவர்தம் வாழ்வைக் கண்டு தொண்டினைத் தாமும் வரித்துக்கொண்டார், சமயம் மாறவில்லை. 1911இல் பட்டம் பெற்றார். இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்துப் படிக்கவைத்தார். அவர்களுள் பலர் ஆசிரியைகளாயினர். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். 1956இல், எழுபதாம் வயதில், மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தோன்ற முன்னின்றார். 1969இல் மறைந்தார்.

ஏடு தொடங்குதல் நமக்கு மங்கலச் சடங்கு. கைம்பெண்ணோ அமங்கலம் என ஒதுக்கப்பட்டவள். அவள் கையிலேயே குழந்தையின் சுட்டுவிரலை ஒப்படைத்தார் சுப்பலட்சுமி. எந்தச் சீர்திருத்த மேடைப்பேச்சினும் வலியது அச்செயல் என்போம்.