எப்போதாவது மட்டும் மக்கர் செய்யும் பிரவுசர்

மிக்ஸி அடியோடு ஓடாமல் போனால் கவலை இல்லை. கடையில் கொடுத்தால் சரி செய்து தந்துவிடுவார்கள். ஆனால் நாலு நாள் ஓடி, ஐந்தாம் நாள் முனகிக்கொண்டு நிற்கிற மிக்ஸி இருக்கிறதே, அதுதான் நம் உயிரை வாங்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானே இருக்கு, நீங்க என்ன போட்டு அரைச்சீங்க?" என்று நம்மையே கேட்பார்கள். குழந்தைகளின் ஜுரமும் இப்படித்தான். ராத்திரி பூராவும் கொதிக்கும். டாக்டர் எதிரே போய் உட்கார்ந்ததும் உடம்பு சில்லென்று இருக்கும்.

கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்க்கிறோமே, அந்தப் பிரவுசரும் இந்த ரகம்தான். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்று பெயர்கள் வேறே தவிர, வேலை ஒன்றுதான். எந்நேரமும் மெதுவாக இருந்தால் காரணம் சுலபமாகத் தெரிந்துவிடும். எப்போதாவது மெதுவாகிறது பாருங்கள், அப்போதுதான் வீட்டில் ஆளுக்கு ஆள் ஒரு காரணம் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பழி பெண்ணின் தலையில் விழுந்தது. பத்தாவது படிக்கிறாள். பாட வீடியோ பார்ப்பாள், குறிப்பு எடுப்பாள். "இவ எந்நேரமும் வீடியோ போட்டுப் போட்டே அதைக் கெடுத்துட்டா. பரீட்சை முடியறவரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடவேண்டாம்" என்று அவர் உத்தரவு போட்டுவிட்டார். அவள் மறுபேச்சு பேசவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். அன்றைக்கென்று அது ஜோராக ஓடியது. "பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று 35,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அந்த அளவுக்கு இருந்தது சீட்டுப் பணம்தான். அதை என் மாமியாருக்குக் காது கேட்கும் கருவி வாங்குவதற்காக வைத்திருந்தோம். அத்தையோ, "எனக்கென்ன அவசரம், புள்ளைக்கு வாங்குங்க" என்றார். இப்படிச் சொல்கிறவர்கள் விஷயத்தில்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

"பத்து நாள் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, பிரவுசர் மக்கர் செய்யும்போதெல்லாம் மூன்று விஷயம் குறித்து வைத்தேன். மணி என்ன, அப்போது திரையில் என்ன வேலை நடந்தது, அதே நேரத்தில் வீட்டு வைஃபையில் என் செல்போன் எப்படி இருந்தது. இந்த மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். போனும் சேர்ந்து தூங்கினால் கோளாறு வரும் வழியில், அதாவது இன்டர்நெட்டில். போன் பறக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் நகரவில்லை என்றால் கோளாறு பெட்டிக்குள்ளேதான். ஜுரம் எந்நேரம் வருகிறது, குளிர் இருக்கிறதா என்று டாக்டர் கேட்பதில்லையா, அந்த மாதிரி.

பத்து நாள் குறிப்பைப் பார்த்தபோது தெரிந்தது, இது ஒரு வியாதி இல்லை, மூன்று.

முதலாவது, ராத்திரி எட்டு மணி வியாதி. அப்போது போனும் படுத்துக்கொண்டது. நாலைந்து நிமிஷம்தான், பிறகு தானே சரியாகிவிடும். எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கும்? மத்தியானக் குழம்பையும் பொரியலையும் மைக்ரோவேவ் அடுப்பில் சுட வைப்போம். வைஃபை பெட்டி இருந்தது ஃப்ரிட்ஜ் தலையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கிறது. வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய ஒரே அலை. அடுப்பிலிருந்து கசிவது உடம்புக்குப் பயப்படும்படியான அளவு இல்லை. ஆனால் வைஃபையின் சன்னக் குரலை அமுக்க அது போதும், பக்கத்து வீட்டில் மைக் செட் போட்டால் நம் ரேடியோ கேட்காத மாதிரி. பெட்டியை ஹால் அலமாரி மேல்தட்டுக்கு மாற்றினோம். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு வரிசையும் உண்டு. கம்ப்யூட்டரை அதில் சேர்த்துவிட்டால் அடுப்பின் தொல்லை கிடையாது. ஆனால் அது ரெண்டு மூணு சுவர் தாண்டினால் வலு குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, ஏகப்பட்ட பக்கங்கள் திறந்திருக்கும்போது வருவது. கம்ப்யூட்டருக்குள் 'ராம்' என்று ஒன்று இருக்கிறது. அயோத்தி ராமருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஹார்டு டிஸ்க் என்பது பரண். வேலை நடப்பதெல்லாம் மேடையில்தான். பிரவுசரில் மேலே வரிசையாகத் திறக்கிறோமே டேப்கள், அவை ஒவ்வொன்றும் மேடையில் இடம் பிடித்துக்கொள்ளும். மேடை நிரம்பினால் கம்ப்யூட்டர் சிலதைப் பரணில் ஏற்றும். நாம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பினால் மறுபடி இறக்கும். ஏற்றி இறக்குகிற அந்த நேரத்தில்தான் திரையில் வட்டம் சுற்றுகிறது. எங்களுடையது 4 ஜி.பி. மேடை. அதில் பெண் சராசரியாக இருபது டேப் திறந்து வைத்திருந்தாள், "அப்புறம் படிக்கணும்மா" என்று. நானும் அப்புறம் படிக்கலாமென்று எத்தனையோ பத்திரிகை சேர்த்து வைத்திருக்கிறேன், அவளை என்ன சொல்வது? வேண்டியதைப் புக்மார்க் செய்துவிட்டு மூடச் சொன்னேன். குரோமில் செட்டிங்ஸ் போய் 'பெர்ஃபார்மன்ஸ்' என்கிற பகுதியில் 'மெமரி சேவர்' என்று இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் நாம் பார்க்காத டேப்களைத் தானே ஓய்வெடுக்க வைத்துவிடும். எட்ஜில் இதையே தூங்கும் டேப் என்கிறார்கள்.

மூன்றாவதுதான் பெரிய திருடன். சாமான் விலை பார்க்கும்போதும், பாங்க் கணக்கைப் பார்க்கும்போதும் மட்டும் வரும். போன் அப்போது நன்றாகவே இருக்கும். கம்ப்யூட்டரின் மின்விசிறி மட்டும் உய்யென்று இரையும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பிரவுசரில் 'இன்காக்னிடோ' அல்லது 'பிரைவேட்' ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து அதே பக்கத்தைப் பாருங்கள். நாம் தனியாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய, பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் அந்த ஜன்னலில் வேலை செய்யாது. அங்கே வேகமாக இருந்தால் சந்தேகம் முதலில் அந்த ஒட்டுகள் மேல்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் சாமான் கடைப் பக்கம் அங்கே கண்ணிமைப்பதற்குள் வந்துவிட்டது.

அடுத்து ஆளைப் பிடிக்க வேண்டும். மெனுவில் 'மோர் டூல்ஸ்' போனால் டாஸ்க் மேனேஜர் இருக்கும். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாலும் வந்துவிடும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன், எவ்வளவு இடம் பிடிக்கிறது, எவ்வளவு வேலை வாங்குகிறது என்று பெயர் போட்டு வரிசையாகக் காட்டும். எங்கள் பட்டியலில் தலையில் உட்கார்ந்திருந்தது, எந்தக் கடையில் விலை மலிவு என்று காட்டுவதாகச் சொல்லும் ஓர் எக்ஸ்டென்ஷன். நான் அதைப் போடவில்லை. பெண்ணும் போடவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஃபேன் வாங்குவதற்காக அவரே போட்டுக்கொண்டது!

மெதுவாக ஓட வைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். அதன் அனுமதி விவரத்தைத் திறந்து பார்த்தேன். நாம் போகும் எல்லாப் பக்கங்களிலும் உள்ள நம் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு உரிமை உண்டு என்று இருந்தது. பாங்க் பக்கமும் அதில் சேர்த்திதானே? அது ஏதாவது திருடியது என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீட்டுச் சாவியை விலை விசாரிக்க வந்தவரிடம் கொடுத்து வைப்பானேன்? உடனே நீக்கினோம், நீக்கின பிறகு பாங்க் பாஸ்வேர்டையும் மாற்றினோம். எல்லா எக்ஸ்டென்ஷனும் இப்படி என்று பயப்பட வேண்டாம். விளம்பரத்தைத் தடுக்கிற நல்ல ஒட்டுகள் பக்கத்தை இலேசாக்கவே செய்யும். நாம் போட்டதுதானா, இன்னும் தேவையா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

அவரிடம் விஷயத்தை எப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் சொல்லவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பா, உன் பாட வீடியோ ஏதோ பாக்கி இருக்குன்னியே, வந்து பாரும்மா" என்று கூப்பிட்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கடைக்காரர் சொல்லும் இன்னொரு வைத்தியம், 'கேஷை அழி' என்பது. கேஷ் என்றால் ரொக்கம் அல்ல. பார்த்த பக்கத்தின் படங்களையும் மற்றதையும் பிரவுசர் எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். இட்லி மாவை அரைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது மாதிரி, மறுதடவை சீக்கிரம் ஆகட்டும் என்பதற்காகத்தான். ஏதாவது ஒரு பக்கம் தாறுமாறாக வந்தால் அழித்துப் பார்க்கலாம். தினம் அழித்தால் தினம் புதிதாக மாவு அரைக்க வேண்டியதுதான். 'ஒரே நிமிஷத்தில் வேகம்' என்று விளம்பரத்தில் வரும் புரோகிராம்களை மட்டும் தயவுசெய்து இறக்கிக்கொள்ளாதீர்கள். பேயை ஓட்ட வந்த பூசாரி வீட்டிலேயே தங்கிவிட்ட கதையாகிவிடும்.

கடைக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 2023-லிருந்தே குரோமின் புதுப் பதிப்பு வருவதில்லை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எங்களுடையதில் விண்டோஸ் 11 ஓடுவதால் தப்பித்தோம். ராமை மட்டும் 4 ஜி.பி.யிலிருந்து 8 ஆக்கிக்கொண்டோம். புதுப் பெட்டியின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை. அத்தைக்குக் கருவி வந்துவிட்டது. இப்போது பேத்தியின் பாட வீடியோ சத்தம் ஜாஸ்தி என்று அவரே சொல்கிறார்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஐந்து நிமிஷம் இன்னமும் மந்தம்தான். வைரஸ் சோதனையும் அப்டேட்டும் அப்போதுதான் நடக்கின்றன. அதைத் தொந்தரவு செய்வதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபிக்குப் பாலை அடுப்பில் வைக்கப் போய்விடுகிறேன்.