மழைத்தண்ணி தின்ற தளம்

டென்மார்க்கின் தோருப்ஸ்ட்ராண்டில் துறைமுகம் இல்லை. மீன்பிடிப் படகுகளை மணலுக்கே இழுத்து ஏற்றுகிறார்கள். அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் பழைய மரப்படகுகள்மேல் எனக்குப் பிரியம் கூடுகிறது.

படகின் மேல்தளம் உக்கினால் கடலைக் குற்றம் சொல்கிறோம். உண்மையில் இடுக்குகளில் தேங்கும் மழைத்தண்ணிதான் பூஞ்சையை வளர்க்கிறது. உப்பு அதைத் தடுக்கும். மேற்பலகையை மட்டும் மாற்றினால் போதாது. கீழே தாங்கும் சட்டங்களையும் தட்டிப் பார்த்து, நல்ல மரம் தெரியும்வரை வெட்ட வேண்டும். பிறகுதான் புதுப்பலகை, இடுக்கை அடைக்கப் பஞ்சுத்திரி, அதன்மேல் கீல்.

பலகைமேல் பலகை படிய வைக்கும் நார்டிக் படகுக்கலையை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கலையைக் காப்பது உளி பிடிக்கும் கைகளே. பக்கத்து ஸ்லெட்டஸ்ட்ராண்டில் படகுப் பட்டறை இருக்கிறது. இங்கே வளரும் நம் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.