ஆறு கிலோமீட்டர் கரி

பெண்கள் ஓட்டும் டீசல் கார்களில்தான் இ.ஜி.ஆர். வால்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்றொரு கருத்து பட்டறைகளில் உலவுகிறது. என்னிடம் அதைச் சொன்னவர் ஒரு சர்வீஸ் சென்டரின் ஆலோசகர். இருபத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பையன். குத்தலாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை போலச் சொன்னார். அதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை இதைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக எதனோடும் சேராத சோம்பல் வாயு அது. டீசல் இன்ஜினின் சிலிண்டருக்குள் வெப்பம் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறி, வெளியே வந்து நம் நுரையீரலைப் பதம் பார்க்கிறது. இதைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, இன்ஜினுக்குள் போகும் காற்றோடு கலந்துவிடுவது. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அது கலந்தால் சிலிண்டருக்குள் சூடு அந்த அளவுக்கு ஏறாது. எப்போது, எவ்வளவு புகையைத் திருப்புவது என்பதை காரின் கணினி சொல்ல, அதற்கேற்பத் திறந்து மூடுவதுதான் இ.ஜி.ஆர். வால்வு.

கலைச்சொல் அகராதிகளில் வால்வுக்கு 'ஓரதர்' என்றொரு சொல் உண்டு. அதர் என்றால் வழி, சங்கப் பாடல்களில் நாம் பார்க்கும் அதே அதர். அழகான சொல்தான், ஆனால் இந்த வால்வின் வேலைக்கு அது பொருந்தவில்லை. இது குளத்து மதகைப் போன்றது. கொஞ்சம் தூக்கினால் கொஞ்சம் பாயும், முழுக்க இறக்கினால் நிற்கும், இடையில் செத்தை மாட்டினால் மூடவே மூடாது.

வெளிவிட்ட மூச்சையே திரும்ப விழுங்கும் இயந்திரம் என்று படித்ததும் கவிதை எழுதும் கை பரபரத்தது. வேண்டாமென்று விட்டேன். பெண்ணைச் சொல்ல நதி, நிலம், அடுப்பு என்று இருக்கிற உவமைகளே போதும். கார் காராகவே இருக்கட்டும்.

இனி அந்தப் பாதி உண்மை. டீசல் புகையில் கரித்தூள் இருக்கிறது. காற்று போகும் பாதையில் இன்ஜின் ஆயிலின் ஆவி படிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தார் போன்ற பசை. மெதுவாக, பாரமில்லாமல் ஓடும்போதுதான் புகை அதிகமாகத் திரும்பி வருகிறது. ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி ஏறும்போது வால்வு மூடிக்கொள்கிறது. ஆகவே இன்ஜின் முழுதாகச் சூடேறாத குட்டிப் பயணங்கள், நின்று நின்று போகும் நெரிசல், ஏ.சி.க்காக ஓடவிட்டபடி காத்திருப்பது எல்லாம் கரியைச் சேர்க்கும்.

என் கார் போகும் வழி இது: பாளையங்கோட்டை வீட்டிலிருந்து கல்லூரிக்கு 6 கிலோமீட்டர். அம்மாவுக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ், அது 4 கிலோமீட்டர். முடிந்து வெளியே வரும்போது அவள் துவண்டுபோயிருப்பாள் என்பதால் வண்டியைக் குளிரவைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். திரும்பும் வழியில் மருந்துக் கடை, காய்கறி, இஸ்திரிக்குப் போட்ட துணி. ஒரே மூச்சில் 20 நிமிடம் ஓடியது அபூர்வம். என் தம்பியின் டீசல் கார் வாரம் தவறாமல் மதுரைக்குப் போய்வருகிறது. 1,50,000 கிலோமீட்டர் தாண்டியும் அவன் வால்வைக் கழற்றிப் பார்க்க நேரவில்லை. அதற்குக் காரணம் அவன் ஓட்டும் லாவகம் அல்ல, நான்குவழிச் சாலை. வீட்டைச் சுற்றிய வேலைகளுக்கு ஓடும் காரில் கரி பிடிக்கிறது. அந்த வேலைகளை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்பதைப் பட்டறைகள் கேட்பதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடுகின்றன.

என் வண்டிக்கு வந்தது இதுதான். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது பிக்கப் இல்லை, பின்னால் கரும்புகை. சிக்னலில் நின்றால் வண்டி முழுக்க ஒரு நடுக்கம். "ஏட்டி, ஒன் வண்டியும் என்ன மாதிரி இருமுதே" என்றாள் அம்மா. பிறகு மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் புது வால்வு, உட்பாதைச் சுத்தம், கூலி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று தாளை நீட்டினார்கள். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம்." எங்கள் வீட்டில் சார் கிடையாது. வால்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் நான் அதைச் சொல்லவில்லை. என்ன கோடு வந்தது என்று கேட்டேன். பி0402 என்றார். வேறென்ன சோதித்தீர்கள் என்றேன். "சிஸ்டமே காட்டுது மேடம்."

சிஸ்டம் காட்டுவது அறிகுறியை. பி0400 என்றால் புகையின் ஓட்டத்தில் கோளாறு, பி0401 என்றால் தேவைக்குக் குறைவு, பி0402 என்றால் தேவைக்கு அதிகம், பி0403 என்றால் மின்சுற்றில் சிக்கல். இதில் எதுவும் 'வால்வை மாற்று' என்று சொல்லவில்லை. ஒரே ஓலைச்சுவடியைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தீர்மானிக்கும் பதிப்பாசிரியரை எங்கள் துறையில் யாரும் நம்புவதில்லை. பேதங்களை ஒப்பிட வேண்டும்.

ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான ஈ.எல்.எம். 327 புளூடூத் கருவி ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகும் துளை இருக்கும். மீதியைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும். அதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை: ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கரும்புகை வரும், டர்போவிலிருந்து வரும் குழாய் கிழிந்திருந்தாலும் வரும், பிக்கப்பும் போகும். வால்வுக்குப் போகும் ஒயரும் கனெக்டரும் எலி கடிக்காமல் இருக்கின்றனவா? வாக்குவம் மூலம் இயங்கும் பழைய வகையென்றால் அந்த ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா? எல்லாம் சரியாக இருந்தன. இன்ஜினைச் சூடாக்கி, ஓடவிட்டு, கைப்பேசியில் இரண்டு எண்களை அருகருகே பார்த்தேன். கணினி கேட்ட திறப்பு 0. வால்வு இருந்த நிலை 18 சதவீதம். மூடச் சொன்னால் மூடவில்லை. புகை இடத்தைப் பிடித்துக்கொள்ள, நல்ல காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எண் மாறியது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கரிதான் தடுக்கிறது.

அந்த இரண்டு எண்களோடு தெருமுனைப் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "கழத்திப் பாத்துருவோம் டீச்சர்." இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி வெளியே எடுத்தார். தோசைக்கல்லின் ஓரத்தில் ஆண்டுக்கணக்கில் ஏறுமே, அந்த மாதிரிக் கரி. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கார்பன் கிளீனர் அடித்து நைலான் பிரஷ்ஷால் நானே தேய்த்தேன். மோட்டார் இருக்கும் பக்கம் நனையக் கூடாது, திருகாணியை விட்டு நெம்பக் கூடாது என்பதை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார். பட்டறைப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனவர். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். காரில் போன முதல் நெடும்பயணத்திலேயே அடைப்பை எடுத்தவர் ஒரு பெண். பையன்களிடம் இதைச் சொன்னேன். ஒருவன் "அந்த பென்ஸா?" என்றான்.

அண்ணாச்சிக்கு இன்னொரு யோசனை இருந்தது. "ஒரு தகரத்தை வெட்டி நடுவுல வச்சி அடைச்சிருவோம் டீச்சர். ஜென்மத்துக்கும் தொந்தரவு கெடையாது." நிறையப் பேர் செய்கிறார்கள். வண்டி நன்றாகத்தான் இழுக்கும், ஏனென்றால் கெடுதல் வண்டிக்கு இல்லை, பின்னால் மூச்சு விடுபவருக்கு. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் பிடிபட்டதும் இதே நைட்ரஜன் ஆக்சைடு விவகாரத்தில்தான். பரிசோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் வைத்திருந்தார்கள். அவர்கள் மென்பொருளால் செய்ததை நாம் தகரத்தால் செய்ய வேண்டாம் என்றேன். டயாலிசிஸ் மையத்தின் ஜன்னல்கள் சாலையைப் பார்த்தபடி இருப்பவை. என் புகை முதலில் போவது அங்கே.

புது கேஸ்கெட் போட்டு மாட்டினோம். ஸ்கேனரில் கோடை அழித்து, வால்வின் மூடிய நிலையைக் கணினிக்கு மறுபடி அறிமுகப்படுத்தினார். 1,850 ரூபாய் ஆனது. சர்வீஸ் சென்டர் சொன்னது எல்லாக் கார்களுக்கும் பொய்யாகிவிடாது. மோட்டார் எரிந்திருந்தால், உள்ளே பல்சக்கரம் உடைந்திருந்தால் புது வால்வுதான் வழி. ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வெளியே ஒழுகல் எதுவும் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, வெண்புகை வந்தாலோ, புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். 2018-இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டது இந்தக் கூலர் கசிவால்தான்.

சுத்தம் செய்த வால்வில் மறுபடியும் கரி ஏறும், என் வழிகள் மாறவில்லையே. அதனால் ஞாயிறு காலையில் நாங்குநேரி வரை ஓட்டிவிட்டுத் திரும்புகிறேன், இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி. எங்கே போகிறாய் என்று கேட்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கு "சும்மாதான்" என்ற பதில் இன்னும் செரிக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கும் வாரங்களில் அம்மாவும் வருகிறாள். பதநீர்ப் பானைகளைக் கடக்கும்போது மட்டும் கண்ணாடியை ஏற்றிவிடச் சொல்கிறாள்.