அமெரிக்கப் பெட்டி, ஜப்பான் கேட்ரிட்ஜ்

1999 நவம்பரில் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி ஓடத் தொடங்கியதும், பெரியப்பா வீட்டுக்குப் போவதென்றால் எனக்குக் கொண்டாட்டம். புக்கிட் பாத்தோக்கில் எம்ஆர்டி ஏறி, கோம்பாக்கைத் தாண்டி, சுவா சூ காங்கில் அந்தக் குட்டி ரயிலுக்கு மாறுவோம். ஓட்டுநர் கிடையாது, முன் கண்ணாடி முழுக்க நமக்குத்தான். தண்டவாளம் போகிற வழியில் போக வேண்டும், திருப்ப முடியாது, நிறுத்த முடியாது. விரலை நீட்டி எதிரே வரும் கம்பங்களைச் சுடலாம், அவ்வளவுதான். வீடுகளை ஒட்டிப் போகும்போது பக்கக் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும். அடுத்தவர் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கக் கூடாதாம். எனக்கோ அது எதிரி விட்ட புகை.

இதையே விளையாட்டாக்கினால் ரெயில் ஷூட்டர். அண்ணனிடம், பெரியப்பா மகனிடம், நிண்டெண்டோ 64 இருந்தது. ஸ்டார் ஃபாக்ஸை அதில் தேய்த்துத் தீர்த்திருந்தோம். பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் வீட்டு மின்சாரம் அதற்கு ஆகாது என்பதால், செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் டிவிக்குப் பின்னால் உறுமிக்கொண்டே இருக்கும். அதன் சூட்டைப் பெரியம்மா அடிக்கடி தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை முறைப்பார்.

2000ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறை. தேக்கா சந்தையில் அம்மா மீன் வாங்கி முடிப்பதற்குள் அப்பா எங்களை ரோச்சோர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் சிம் லிம் ஸ்குவேருக்குக் கூட்டிப்போனார். ஒரு கடைத் தொலைக்காட்சியில் அது ஓடிக்கொண்டிருந்தது. கடல் நிறையப் போர்க்கப்பல்கள். பிய்ந்த இரும்புத் தட்டு ஒன்றின் மேல் நின்றபடி ஒரு பெண் அவற்றின் தலைக்கு மேலே பறந்து சுடுகிறாள். ‘சின் அண்ட் பனிஷ்மென்ட்’. டிரெஷர் நிறுவனம் நிண்டெண்டோவுடன் சேர்ந்து செய்தது, அந்த நவம்பர் 21 அன்று ஜப்பானில் மட்டும் வெளியானது. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜப்பான் சரக்கு, உங்களுக்கு ஒன்றும் புரியாது, உங்கள் பெட்டியில் நுழையவும் நுழையாது என்றார்.

நுழையாது என்பது உண்மை. ஜப்பான் கேட்ரிட்ஜின் பின்பக்க வடிவம் வேறு. அமெரிக்கப் பெட்டியின் வாயில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துருத்தல்கள் அதை உள்ளே விடாது. வேடிக்கை என்னவென்றால் தடுப்பு அவ்வளவுதான்; உள்ளே இருக்கும் பூட்டுச் சில்லு இரண்டு நாட்டுக்கும் ஒன்றே. அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. பேனாக்கத்தியோடு பெட்டியை மடியில் வைத்தான். பெரியப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி ஒரே ஒரு பார்வை பார்த்தார். கத்தி பென்சில் பெட்டிக்குள் போய்விட்டது.

அந்த விளையாட்டின் கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஆண்டு 2007. ஜப்பானுக்கு வெளியே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிண்டெண்டோவின் வீ கருவியில் விளையாட்டு முறையாக வந்து சேர்ந்ததும் 2007தான். நான் அப்போது மொட்டைத் தலையோடு தேசிய சேவையில் இருந்தேன். சுடுவதற்கு வேறு துப்பாக்கி கொடுத்திருந்தார்கள்.

2021 அக்டோபர் கடைசியில்தான் கைக்கு வந்தது. நிண்டெண்டோ ஸ்விட்சின் இணையச் சந்தாவில் பழைய 64 விளையாட்டுகள் ஒன்பதைச் சேர்த்தார்கள், இதுவும் ஒன்று. சிங்கப்பூருக்கென்று நிண்டெண்டோ ஈஷாப் அப்போது இல்லாததால் இங்கே பலரையும்போல அமெரிக்கக் கணக்கு ஒன்றை வைத்திருந்தேன். ஆக, இந்த முறையும் அமெரிக்கப் பெட்டிதான். தொடங்கியதும் சிரித்துவிட்டேன். பாத்திரங்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள்! 2000இல் ஜப்பானில் விற்ற கேட்ரிட்ஜிலேயே அப்படித்தானாம். ஜப்பானியர்கள்தான் கீழே எழுத்தைப் படித்துக்கொண்டு விளையாடியிருக்கிறார்கள். கடைக்காரரைவிட எங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

கதை குழப்பம், அதை நான் பெரிதாக மதிக்கவில்லை. சண்டைதான் விஷயம். எதிரி தூரத்தில் இருந்தால் குண்டு, கிட்டே வந்தால் அதே பொத்தான் வாளாகிவிடும். வருகிற ஏவுகணையை அந்த வாளால் அடித்து அனுப்பியவனுக்கே திருப்பலாம். ஒரு மாலையில் முடித்துவிடக்கூடிய அளவுதான், ஆனால் உள்ளங்கை வியர்த்துவிடும்.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “ரெண்டு பேர் ஆடலாமா?” என்று மட்டும் கேட்டான். ஆடலாம், ஆனால் திரையில் ஒரே ஆள். ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர் சுட வேண்டும். சனிக்கிழமை வந்தான். என்னைக் கேட்காமலேயே துப்பாக்கியை எடுத்துக்கொண்டான்.