நித்திரைக்கு ஒரு துண்டுச் சீலை

இராப்பணி முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் தாதியாகிய என் மருமகளுக்கு, சோளகக் காற்றும் வெயிலும் போட்டியிட்டு முற்றத்தை வறுத்தெடுக்கும் ஆனி மாதப் பகலில் ஒரு நாழிகை நித்திரை வாய்ப்பதே பெரும் பிரயத்தனமாகிவிட்டது. கொழும்பிலிருந்து எவரோ வாங்கிவந்து கொடுத்த மினுமினுப்பான கண்பட்டையொன்றை இரண்டு நாள் கட்டிப் பார்த்தவள், மூன்றாம் நாள் வியர்வையில் நனைந்திருந்த அதனை என் மேசைமேல் எறிந்துவிட்டு, "சாட்டின் எண்டு விக்கிறாங்கள் மாமா, எனக்கெண்டால் இது அடுப்பிலை வைச்ச சட்டி" என்றாள். அந்தச் சட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் கல்வியங்காட்டுக்குப் போனேன்.

செங்குந்தர் பெயர் தாங்கிய கல்லூரியொன்று இன்றும் விளங்கும் அவ்வூர்ப்புறத்தில், அச்சமூகத்தாரின் தறியோசை அருகிவிட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் உள்ளூர்க் கைத்தறி தழைத்ததும், அதன்பின் திறந்துவிடப்பட்ட சந்தையில் மலிவுத்துணி வந்து குவிந்து அதனைச் சாய்த்ததும் இலங்கை முழுவதற்கும் பொதுவான சரித்திரம். எங்கள் பகுதிக்கு யுத்தமும் வந்து சேர்ந்தது.

நான் சென்ற ஓலைக்கொட்டிலில் தறிகள் இரண்டு, ஓடியது ஒன்று. குழிக்குள் கால்களை விட்டு மிதியை மிதித்துக்கொண்டிருந்த அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அக்கா, நாடாவை நிறுத்திவிட்டுக் கண்பட்டையை வாங்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு தரம் தேய்த்து, கூரைப் பொத்தலொன்றின் வழியே ஈட்டிபோல் இறங்கிய வெயிற்கதிரில் பிடித்துப் பார்த்தார்.

"சாட்டின் எண்டது நூலின்ரை பேர் இல்லைத் தம்பி, நெசவின்ரை பேர்."

பாவு நூல் பல ஊடைகளைத் தாண்டி மேலே மிதந்து, பின் ஒன்றன்கீழ் மட்டும் புகுந்து வருவதால் உண்டாகும் வழவழப்பே அது என்பதையும், பட்டிழையில் நெய்தால் சுகம் தரும் அதே நெசவு செயற்கையிழையில் வியர்வையைக் குடிக்காது என்பதையும் அவர் விரலாலேயே விளக்கினார். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பட்டு தன் உலர்ந்த நிறையில் ஏறத்தாழ 11 வீதமும், பருத்தி 8 வீதமளவும் ஈரத்தை ஏற்க, பொலியெஸ்தரோ அரை வீதத்தைக்கூட எட்டுவதில்லை என்று நூல்கள் கூறும் கணக்கை அவர் படித்திருக்க நியாயமில்லை. படிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அப்படியானால் பட்டே உத்தமமல்லவா என்றேன். நாள்தோறும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிடும் வீட்டில் பட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பிறகு வந்தது நூல் நம்பர். 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தலோ, அதுவே நம்பர். ஆகவே 80ஆம் நம்பர் நூலில் ஓர் இறாத்தலை யாழ் நகரிலிருந்து கண்டி வீதியில் நீட்டினால், 67,200 யார், அதாவது முப்பத்தெட்டு மைல் ஓடி, ஆனையிறவையும் கடந்துவிடும். அத்தனை மெல்லிய இழையாலான துணி இமைக்கு இதம். ஆயின் கூரைப் பொத்தலின் கதிர் அதனூடே தாராளமாக வந்தது. 40ஆம் நம்பரில் நெருங்க நெய்த கருநீலத் துணி கதிரை மறித்தது. ஆயின் அதன் ஸ்பரிசம் முரடு, வியர்த்தால் சாயம் கண்ணில் இறங்கும் என்ற பயமும் உண்டு. (ஒல்லாந்தர் காலத்தில் கும்பினியே ஏகபோகமாக வைத்துக்கொள்ளத்தக்க சாயவேர் அகழ்ந்த குடாநாடு இது, இன்று சாயத்தூள் டப்பாவில் வருகிறது.) ஆகவே கருநீலம் நடுவில் இருக்கவேண்டும், முகத்தோடு படுவது வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது அக்காவின் தீர்ப்பு.

அந்த வெள்ளைக்கு அவருடைய புதுத் துணியிலேயே ஒரு யார் வெட்டித் தரும்படி கேட்டேன். விற்றுப் பிழைக்கும் அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"பாவுக்குப் போட்ட கஞ்சி இன்னும் போகேல்லை. புதுசு கண்ணுக்கு ஒத்துவராது. வீட்டிலை தோய்ச்சுத் தோய்ச்சு நைஞ்ச வேட்டி ஒண்டு கிடக்கும், அதைக் கிழியுங்கோ."

கருநீலத்தில் அரை யாருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, கட்டுவதற்கு இறப்பர் நாடா வேண்டாம், அது கண்ணை அமுக்கும் என்று ஒரு துண்டுக் கரைப்பட்டியை இனாமாகக் கொடுத்தார். தொண்ணூறுகளில் மின்சாரமின்றி, ஜாம் போத்தலுக்குள் திரிவிட்ட விளக்கின் முன் குந்தியிருந்து அறுந்த பாவிழைகளைப் பிணைத்தவர் அவர். "அப்ப ஒரு பொட்டு வெளிச்சத்துக்கு ஆலாய்ப் பறந்தம், இப்ப நீங்கள் காசு குடுத்து இருட்டுத் தைக்கிறியள்" என்று சிரித்தபடி மிதியில் காலை வைத்தார்.

மருமகள் இப்போது காலை எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணிவரை அசைவதில்லை. நான் கிழித்த வேட்டி நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று என் மனைவி பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது. கொடியேற இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.